இலங்கைத் தொலைக்காட்சியின் 1982

இலங்கையின் தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், மாத்தளை மாவட்டத்தின் சீகிரியாப் பாறை உச்சியில் ஒரு பிரித்தானிய இசைக்குழு வந்து நின்றது; அவர்களைச் சுற்றி ஹெலிகொப்டர் வட்டமிட்டுப் படமெடுத்தது. ஒக்டோபரில் நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல். டிசம்பரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சீகிரியா சேர்ந்தது. அதே மாதம் நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்கு மக்கள் தீர்ப்பும் நடந்தது. வெளியுலகம் திரைவழியாகத் தீவுக்குள் நுழைந்த ஆண்டும், தீவு வெளியுலகத்தின் திரைகளில் ஏறிய ஆண்டும் ஒன்றாகவே அமைந்தன. ஆனால் இரண்டும் வெவ்வேறு பாதையில் நடந்தன. சீகிரியாவை அமெரிக்க இளைஞர்கள் தங்கள் வரவேற்பறையில் பார்த்த காலத்தில், பாறையின் அடியிலுள்ள கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளை எண்ணிவிடலாம்.

வானொலியில் இலங்கை முந்திக்கொண்ட நாடு. கொழும்பில் 1925 டிசம்பரிலேயே நிரந்தர ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. பின்னாளில் அங்கிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்டது; அறிவிப்பாளர்களான மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை அடையாளம் தெரியாத வீடு தென்மாவட்டங்களில் குறைவு. தொலைக்காட்சியில் நிலைமை தலைகீழ். டெல்லியில் 1959இலும், பாகிஸ்தானில் 1964இலும், மாலைதீவில் 1978இலும் தொலைக்காட்சி வந்துவிட்டது. இலங்கை அதற்கும் பிறகுதான். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. பருப்புக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற நாட்டில் தொலைக்காட்சி ஆடம்பரம் என்று கருதப்பட்டதில் வியப்பில்லை. 1977இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகே அதற்கு வழி பிறந்தது.

அந்த இடைவெளியில் கொழும்பில் ஒரேயொரு வீட்டில் மட்டும் தொலைக்காட்சி ஓடியது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு அது. பூமியோடு சேர்ந்து சுழலும் சுற்றுப்பாதையில், ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒளிபரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். 1975இல் இந்தியா, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செய்மதியைக் கொண்டு ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் பரிசோதனையை நடத்தியபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து கிளார்க் வீட்டில் ஒரு பெரிய கிண்ண அன்ரனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். நாட்டில் ஒளிபரப்பு நிலையமே இல்லாதபோது செய்மதியிலிருந்து நேரடியாகத் தொலைக்காட்சி பார்த்தார் அவர். யோசனையைச் சொன்னவருக்கே முதல் இணைப்பு கிடைத்தது பொருத்தம்தான்.

ஏனையவர்களுக்கு அது 1979 ஏப்ரல் 13 அன்று வந்தது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, கொழும்பின் புறநகரான பன்னிப்பிட்டியவிலிருந்து ஐ.ரி.என். என்னும் தனியார் நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் சான் விக்கிரமசிங்க. பின்னாளில் பிரதமராகவும் ஜனாதிபதியாகவும் வந்த ரணில் விக்கிரமசிங்கவின் சகோதரர். சிறிய பரப்பி, குட்டையான கோபுரம், கொழும்பையும் அண்டை ஊர்களையும் தாண்டாத எல்லை. தனியார் கையில் அது இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் நிலையத்தைப் பொறுப்பேற்றது. சந்தையைத் திறந்துவிட்ட அதே அரசாங்கம் அலைவரிசையைத் திறந்துவிட விரும்பவில்லை. 1982இல் நடந்த பலவற்றுக்கும் அடித்தளம் இந்த முடிவுதான்.

கொழும்போடு நின்ற ஐ.ரி.என். போதாது, நாடு முழுவதும் எட்டும் நிலையம் வேண்டும் என்ற திட்டத்துக்கு ஜப்பான் கைகொடுத்தது. கொழும்பு 7இல், சுதந்திரச் சதுக்கத்தில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு அருகிலேயே எழுந்த கலையகக் கட்டடமும், கருவிகளும், பரப்பிகளும் ஜப்பானின் நன்கொடை. இந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1951இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த சமாதான மாநாட்டில், அப்போது இலங்கையின் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன, ஜப்பானிடம் தன் நாடு போர் இழப்பீடு கேட்காது என்று அறிவித்தார். ஜப்பானியர்கள் அதை மறக்கவில்லை. அவரே ஜனாதிபதியானபோது தொலைக்காட்சி நிலையம் பரிசாக வந்தது. பிறகு வீட்டுக் கூரைகளில் ஏறிய குறுக்குக்கம்பி அன்ரனாவும் 1920களில் ஜப்பானியரான யாகியும் உடாவும் கண்டுபிடித்ததே.

ரூபவாஹினியின் சட்டப் பிறப்பு 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம். தேசிய ஒளிபரப்பை நடத்தும் பொறுப்பைக் கூட்டுத்தாபனத்துக்கு அது கொடுத்தது. அதோடு, இந்த நாட்டில் வேறு யாரேனும் தொலைக்காட்சி நிலையம் நடத்த வேண்டுமானால் அமைச்சரின் உரிமம் பெற வேண்டும் என்று 28ஆம் பிரிவில் வரையறுத்தது. அந்தப் பிரிவு அப்போது எவர் கண்ணிலும் படவில்லை. விண்ணப்பிக்க யாரும் இல்லை.

தலைமைப் பரப்பி நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகலையில் வைக்கப்பட்டது. 2,524 மீற்றர் உயரமுள்ள அந்த மலை இலங்கையின் உச்சிச் சிகரம். தொலைக்காட்சி அலை வானொலியின் சிற்றலையைப் போல வானில் பட்டுத் திரும்பி ஆயிரம் மைலுக்கு அப்பால் இறங்காது. ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஆகவே கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் படம் தெரியும். நடுவில் இப்படியொரு மலை கொண்ட சிறிய தீவுக்கு ஒரு பரப்பியே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். மலையின் பார்வை எட்டாத வடக்குக்கு, வன்னியில் கொக்காவிலில் தனிக் கோபுரம் எழுந்தது.

சீகிரியா பிதுருதலாகலைக்கு நேர் வடக்கே, ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், சுமார் 105 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. பாறைக்கு அருகிலுள்ள இனாமலுவை, கிம்பிஸ்ஸ ஆகிய கிராமங்களில் அன்ரனா கட்டுபவர் திசை தேடி அலைய வேண்டியதில்லை. கம்பிகளைத் தெற்கே திருப்பினால் போதும். சிக்கல் வேறு. இரண்டுக்கும் நடுவே நக்கிள்ஸ் மலைத்தொடர் 1,800 மீற்றருக்கு மேல் எழுந்து கிடக்கிறது. மலை முகட்டின் மறைவில் அகப்படும் இடங்களுக்கு அலை நேராக வராது. முகட்டில் பட்டு வளைந்து, பலவீனமாகி இறங்கும். அங்கே திரையில் மணல் பறக்கும், அல்லது ஒரே மனிதர் நிழலோடு இருவராகத் தெரிவார். அதற்கு மருந்து உயரம். பாக்கு மரமோ இரும்புக் குழாயோ எது கிடைக்கிறதோ அதன் நுனியில் அன்ரனாவைக் கட்டி உயர்த்துவார்கள்.

அன்ரனாவைவிடப் பெரிய தடை மின்சாரம். 1982இல் இலங்கையின் கிராம வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்கம்பி எட்டவில்லை. தீவு முழுவதும் கிராமங்கள் அதற்கு ஒரே தீர்வைத்தான் கண்டன: கார் பற்றரி. 12 வோல்ற் மின்னில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி, அதன் பக்கத்தில் தரையில் ஒரு பற்றரி. மின் குறையக் குறையப் படம் நான்கு ஓரமும் சுருங்கி நடுவே ஒதுங்கும். கடைசியில் தலைமயிர் அகலத்துக்கு ஒரு கோடாகி அணையும். அடுத்த நாள் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டி நகரத்துக் கராஜுக்கு மின்னேற்றக் கொண்டுபோக வேண்டும். ஆகவே எந்த இரவு எந்த நிகழ்ச்சியைப் பார்ப்பது என்பது யோசித்துச் செலவழிக்க வேண்டிய காரியம். ரூபவாஹினி தொடக்கம் முதலே வண்ணத்தில், 625 கோடுகள் கொண்ட ‘பால்’ (PAL) முறையில் ஒளிபரப்பியது. கிராமத்தில் அந்த வண்ணத்தைக் கண்டவர்கள் சிலரே. மத்திய கிழக்கில் வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த ஜப்பானிய வண்ணப் பெட்டி ஊருக்கு ஒன்று இருந்தால், அந்த முற்றம் மாலையில் அரங்கமாகும்.

திரையில் என்ன இருந்தது? தொடக்க காலத்தில் ஒளிபரப்பு மாலை முதல் இரவு வரை மட்டும். அந்தச் சில மணி நேரத்தைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வானொலியில் தமிழுக்குத் தனிச் சேவையே இருந்தது. காலையில் திருப்பினால் இரவு வரை தமிழ் கேட்கலாம். தொலைக்காட்சியில் தமிழ், செய்தியும் வாரத்தின் சில நிகழ்ச்சிகளுமாகச் சுருங்கியது. இதைத் திட்டமிட்ட ஓரங்கட்டல் என்று மட்டும் சொன்னால் பாதிதான் உண்மை. ஒரே அலைவரிசையில் மூன்று மொழிகளை வைக்கும் எவரும் நேரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் எங்கே வெட்டுவது என்பது முடிவெடுப்பவரின் கையில் இருந்தது, முடிவெடுப்பவர் அரசாங்கம். பின்னர் கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்திப் பரப்பி வந்ததும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வானளாவக் கம்பம் நட்டு மக்கள் தமிழகத்துப் பக்கம் அன்ரனாவைத் திருப்பினார்கள் என்றால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

சிங்களத்தில் இந்தக் கருவி புதிய கலை வடிவமொன்றையே உண்டாக்கியது. திரைப்பட இயக்குநர் டி.பி. நிஹால்சிங்கவின் ‘திமுது முத்து’ முதல் சிங்களத் தொலைக்காட்சி நாடகமாகக் கருதப்படுகிறது. திரைப்படத் துறை நொடிந்துகொண்டிருந்த காலம் அது. அங்கிருந்து நடிகர்களும் ஒளிப்பதிவாளர்களும் சின்னத்திரைக்கு இடம்பெயர்ந்தார்கள். தொடர்நாடகம் வீட்டின் மாலைப் பழக்கமாகியது.

ரூபவாஹினி தொடங்கி இரண்டாம் நாள், பெப்ரவரி 17 அன்று, இலங்கை தன் முதலாவது டெஸ்ற் கிரிக்கெட் போட்டியை ஆடியது. கொழும்பு பொரளையில், இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவரான பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் தாங்கிய மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. பந்துல வர்ணபுரவின் அணி 7 விக்கெற்றால் தோற்றது. ஆனால் இன்னும் பள்ளிப்படிப்பை முடிக்காத 18 வயது அர்ஜுன ரணதுங்க அடித்த அரைச்சதம் இலங்கையின் முதல் டெஸ்ற் அரைச்சதமாகியது. தேசியத் தொலைக்காட்சியும் தேசிய அணியின் டெஸ்ற் தகுதியும் ஒரே வாரத்தில் பிறந்தது தற்செயல். அதன் பிறகு ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததே இல்லை. சினிமாவைவிட, நாடகத்தைவிட, கிரிக்கெட்தான் இந்தத் தீவில் அதிகம் பெட்டிகளை விற்றிருக்கும்.

பக்கத்து நாட்டிலும் 1982 தொலைக்காட்சியின் ஆண்டே. ஏப்ரலில் இன்சாட்-1ஏ செய்மதி ஏவப்பட்டது. செப்டம்பரிலேயே அது செயலிழந்தது. ஆனாலும் ஓகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை இந்தியா வண்ணத்தில் பார்த்தது. இருபது ஆண்டு பிந்தித் தொடங்கிய இலங்கையின் தேசிய நிலையம் வண்ணத்தில் அரையாண்டு முந்தியிருந்தது. தாமதமாக வருபவனுக்குப் பழைய கருவிகளைக் கழிக்கும் செலவில்லை.

இனி சீகிரியாவின் கதை. ஐந்தாம் நூற்றாண்டில், தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், தம்பி முகலனுக்கு அஞ்சித் தலைநகரை இந்தப் பாறைக்கு மாற்றினான் என்பது வரலாறு. சமவெளியிலிருந்து ஏறக்குறைய 180 மீற்றர் செங்குத்தாக எழும் பாறை, அடியில் நீர்ப்பூங்கா, நடுவழியில் ஓவியங்களும் கண்ணாடிச் சுவரும், அதற்கு மேல் செங்கல்லால் கட்டிய சிங்கத்தின் பாதங்கள், உச்சியில் சுமார் 1.6 ஹெக்டேயர் பரப்பில் அரண்மனையின் அடித்தளமும் பாறையில் குடைந்த குளமும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு உச்சியின் அமைப்பு தெரியாது. மேலே ஏறியவருக்குப் பாறையின் வடிவம் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வானத்தில் இருக்க வேண்டும்.

அந்த வாய்ப்பு 1982 ஏப்ரலில் டுரான் டுரான் என்ற பிரித்தானிய இசைக்குழுவின் படப்பிடிப்புக்குக் கிடைத்தது. ‘ரியோ’ என்ற தங்கள் இசைத்தட்டின் பாடல்களுக்குக் காணொளி எடுக்க அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். இயக்குநர் ரசல் மல்கேகி, ஆஸ்திரேலியர். 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவில் எம்.ரி.வி. இசை அலைவரிசை தொடங்கியபோது அது ஒளிபரப்பிய முதற் காணொளியான ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ இவர் இயக்கியதே. ‘சேவ் எ பிரேயர்’ பாடலுக்குத் தென்கரைக் கடலையும் பொலன்னறுவையின் இடிபாடுகளையும் சீகிரியா உச்சியையும் அவர் எடுத்துக்கொண்டார். ஹெலிகொப்டர் காட்டுக்கு மேலாகப் பறந்து வந்து பாறையைச் சுற்றும்போது செங்கல் அடித்தளங்களுக்கு நடுவே மனிதர்கள் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். பாறை எவ்வளவு பெரியது, எவ்வளவு தனித்து நிற்கிறது என்பதை எந்த வழிகாட்டி நூலும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. வழிபாட்டுத் தலங்களின் இடிபாடுகளுக்கு நடுவே பொப் பாடகர்களை ஆடவிட்டது சரியா என்ற கேள்வி நியாயமானது. இன்றைக்கு அனுமதி அவ்வளவு எளிதில் கிடைக்காது.

பாடல் ஓகஸ்டில் வெளிவந்து பிரித்தானியாவில் இரண்டாம் இடம் வரை போனது. அதே பயணத்தில் எடுத்த ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’ காணொளியை எம்.ரி.வி. ஓயாமல் போட்டது, அது 1984இல் குறுங்காணொளிக்கான கிராமி விருதில் பங்குபெற்றது. அந்தக் காலத்து இசைக் காணொளிகள் பெரும்பாலும் கலையகத்துக்குள் புகையும் விளக்கும் வைத்து எடுக்கப்பட்டவை. வேற்றுநாட்டு நிலப்பரப்பைச் சினிமா அளவில் காட்டும் பாணி பரவியதில் இந்த இலங்கைப் பயணத்துக்குப் பெரும் பங்குண்டு. அப்போது ஒளிபரப்பும் தகவலும் சுற்றுலாவும் ஆனந்ததிஸ்ஸ டி அல்விஸ் என்ற ஒரே அமைச்சரின் கீழ் இருந்தன. அரசாங்கம் பணம் கொடுத்து எடுத்த எந்த விளம்பரப் படமும் இந்த நான்கைந்து நிமிடம் போன இடங்களுக்குப் போயிருக்காது.

கிளார்க்கும் சீகிரியாவைத் தன் பங்குக்கு உலகத்துக்குக் கொண்டுபோனவர். ‘த ஃபவுண்டன்ஸ் ஒப் பரடைஸ்’ என்ற அவரது 1979ஆம் ஆண்டு நாவலில் வரும் யக்ககலை சீகிரியாவின் மறுபெயர். அதன் மன்னன் காளிதாசன் காசியப்பனின் சாயல். நாவலில் இந்தத் தீவிலிருந்து விண்வெளிக்கு ஒரு தூக்கி கட்டுகிறார்கள். அது போய் முடியும் சுற்றுப்பாதை, தொலைக்காட்சிச் செய்மதிகளுக்கு அவர் 1945இல் குறித்துக் கொடுத்த அதே உயரம்.

ஆண்டின் பிற்பகுதி அரசியலுக்கானது. ஒக்டோபர் 20 அன்று நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தன, ஹெக்டர் கொப்பேகடுவ, ரோஹண விஜேவீர, குமார் பொன்னம்பலம், கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார ஆகிய ஆறு பேர் நின்றார்கள். நாடு முழுவதும் எட்டும் தொலைக்காட்சி இருக்கும்போது நடந்த முதல் தேசியத் தேர்தல் இது. இரண்டு நிலையங்களும் அரசாங்கத்தின் கையில். செய்தியில் எதைக் காட்டுவது என்பதும் அங்கேயே முடிவாகும். ஜயவர்தன 52.9 வீத வாக்குடன் வென்றார். தொலைக்காட்சி இல்லாமலும் அவர் வென்றிருக்கலாம். பெட்டிகள் இன்னும் சொற்பமே. ஆனால் ஆளும் கட்சிக்கும் அரச திரைக்கும் உள்ள உறவு எப்படி இருக்கும் என்ற வழக்கம் அந்த ஒக்டோபரில் உருவாகியது. பின்வந்த எந்த ஆட்சியும் அதை மாற்ற அவசரப்படவில்லை.

டிசம்பர் நடுவில் பாரிஸில் கூடிய உலக மரபுரிமைக் குழு அனுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா மூன்றையும் ஒருசேரப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 22 அன்று, மக்கள் தீர்ப்பு. விளக்குச் சின்னத்துக்கு வாக்களித்தால் இருக்கிற நாடாளுமன்றம் மேலும் ஆறு ஆண்டு நீடிக்கும். பானைக்கு வாக்களித்தால் பொதுத் தேர்தல். விளக்கு ஏறக்குறைய 54.7 வீதத்துடன் வென்றது. 1977இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்துக்கு அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான் வந்தது.

1982இல் கட்டியவற்றுள் எல்லாம் நிலைக்கவில்லை. கொக்காவில் கோபுரம் போருக்குப் பலியானது. 1990 ஜூலையில் அங்கிருந்த இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 174 மீற்றர் உயரப் புதிய கோபுரம் 2011 ஜூனில்தான் அங்கே திறக்கப்பட்டது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் வன்னி பார்த்தது வேறு திரைகளை.

அரசின் தனியுரிமை பத்தாண்டு நீடித்தது. 1992இல் மகாராஜா நிறுவனத்தின் தொலைக்காட்சி வந்தது; 1998இல் அதே குழுமம் தமிழுக்கென்று சக்தி தொலைக்காட்சியைத் தொடங்கியபோது, ரூபவாஹினி சில மணி நேரமாகச் சுருக்கிவைத்திருந்த தமிழுக்கு முழுநாள் அலைவரிசை கிடைத்தது. ஐ.ரி.என்.ஐப் பறிகொடுத்த சான் விக்கிரமசிங்க 1993இல் ரி.என்.எல். நிலையத்தோடு திரும்பி வந்தார். இந்தத் தனியார் நிலையங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டது, 1982இல் எவர் கண்ணிலும் படாதிருந்த அந்த 28ஆம் பிரிவின் கீழ்தான்.